கிளடிஸ் வீட்டின் பின்கதவு

பிக்கரிங்
12.10.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் நிரூபாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் யோகராணி மச்சாளும் எப்படி? காதிலிருந்து சீழ் வடிந்தது நின்றுவிட்டதா? மருந்தை இடையில் விட்டுவிடாதீர்கள்.

ஒருவழியாக டோர்செட் பார்க் மாடியை விட்டு இறங்கிவிட்டோம். இருபத்திரண்டு வருடம் பதினோராம் மாடியில் இருந்தவளுக்கு இப்போது கதவைத் திறந்தால் மண் தெரிகிறது. நிரூபாவின் பார்மசி இங்கிருந்து காரில் பத்து நிமிடம்தான். கல் வைத்துக் கட்டிய முகப்பு, இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ், பின்னால் ஒரு சரிவு, சரிவின் அடியில் ஓடை. தெருவில் மொத்தம் இருபத்தாறு வீடுகள். எல்லாரும் படித்த ஆட்கள். ஒருவர் நீதிமன்றத்தில் பெரிய வேலை. ஒருத்தி பல் டொக்டர். இன்னொருவர் பாலங்கள் கட்டிய இன்ஜினியர். ஒரு வீட்டிலும் சத்தம் இல்லை.

வலது பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் கிளடிஸ். எழுபத்தைந்து வயது இருக்கும். தனியாக இருக்கிறா. நாங்கள் வந்த மறுநாளே தேங்காய் போட்ட பாண் சுட்டுக்கொண்டு வந்தா. சூடு ஆறவில்லை.

டோர்செட் பார்க் ஆட்கள் டெலிபோனில் “இடம் எப்பிடி?” என்று கேட்டால், “நல்ல இடம், பெரிய ஆக்கள் இருக்கிற இடம்” என்று சொல்கிறேன். படங்கள் சில வைத்திருக்கிறேன். உங்களுக்கு டெலிபோனில் கேட்காவிட்டாலும் எனக்குக் கை இருக்கும்வரை எழுதுவேன்.

உங்கள் தங்கை,
அருள்மலர்


கோண்டாவில்
20.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. காது உலர்ந்துவிட்டது. மச்சாளுக்கு முழங்கால்தான் கரைச்சல், மற்றப்படி வாய் நன்றாக இருக்கிறது என்று எழுதப்போகிறேன் என்றால் அடிக்க வருகிறாள்.

வீடு நல்ல வடிவு. நிரூபாவைப் பாராட்டினேன் என்று சொல்லு.

மூன்றாவது படத்தில் கராஜ் வாசலில் நிற்கிற மூன்று பேரும் கறுப்பினத்தவர்கள். ஐந்தாவது படத்தில் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறவர்களும் அப்படியே. நீ அவர்களுடைய உத்தியோகத்தை எழுதினாய், வீட்டின் கல்லை எழுதினாய். அவர்கள் எந்த ஊர் ஆட்கள் என்று எழுதவில்லை. எழுத மறந்துவிட்டாயா?

குளிர் தொடங்கியிருக்கும். காலுக்கு மேசு போடாமல் திரியாதே.

அண்ணன்,
இரத்தினவேல்


பிக்கரிங்
27.12.2023

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மச்சாளின் முழங்காலுக்குத் தைலம் ஒன்று பார்சலில் போட்டிருக்கிறேன்.

மறக்கவில்லை, அண்ணை. வீடு வாங்கும்போது எனக்கே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் முதல் உண்மை. வீடு பார்க்கப் போனபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் தொப்பி வைத்த பெண்களும் கோட் சூட் போட்ட ஆண்களும் தேவாலயத்துக்குப் புறப்பட்டு வந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். எல்லாரும் கறுப்பினத்தவர்கள். கிரனடா, ஜமேக்கா, செயின்ற் லூசியா என்று தீவுகளிலிருந்து ஐம்பது வருடங்களுக்கு முன் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். எங்களுக்கு வீடு விற்ற எங்கட தமிழ் ஏஜென்ற்றுக்கு நிரூபா டெலிபோன் எடுத்தாள். அவர் சொன்னார்: “தங்கச்சி, உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். காசுக்கார ஆக்கள்தான், பயப்பிடாதேங்கோ.” அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூச்சம்.

கிளடிஸ் பத்தொன்பது வயதில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் பிள்ளை பார்க்க வந்தவ. பிறகு இரவுப் பள்ளி, தாதி வேலை, கடைசியில் இரண்டு முதியோர் இல்லங்களுக்குச் சொந்தக்காரி. தம்பியைக் கூப்பிட்டுப் படிப்பித்திருக்கிறா. நான் சொன்ன பாலம் கட்டிய இன்ஜினியர் அவர்தான், பெயர் வின்சன்ற். தெருவின் அந்த முனையில் இருக்கிறார். பல் டொக்டர் செலீன் அவருடைய மனைவி.

ஒரு பகிடி கேளுங்கள். முதல் பெரிய பனி கொட்டிய அன்று காலை ஒரு ஆள் எங்கள் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றார். கூலிக்கு நிரூபா பிடித்த ஆள் என்று நினைத்து, “அந்தப் பக்கம் போடாதே, இந்தப் பக்கம் போடு, படியில் உப்பும் தூவு” என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். அவரும் சொன்னபடி செய்தார். பின்னேரம் நிரூபா வந்து, “அம்மா, அது வின்சன்ற் அங்கிள். அக்காவின்ர வாசலை வழிக்க வந்தவர், எங்கடையையும் சேத்து வழிச்சிருக்கிறார்” என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

உங்கள் தங்கை,
அருள்மலர்


கோண்டாவில்
30.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் தைலம் வந்தது. மச்சாள் அதைத் தடவிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள்.

மேற்கிந்தியத் தீவு ஆட்கள் என்று எழுதியிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். காது நன்றாக இருந்த காலத்தில் அவர்களுடைய கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்க நான் வேலைக்கே போகாமல் நின்றிருக்கிறேன்.

பகிடியை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நீ அந்த மனுசனிடம் போய்ப் பேசினாயா என்று கடிதத்தில் தேடினேன். காணவில்லை. போய் ஒரு சொல் சொல்லு. ஒரு தேத்தண்ணி கொடு.

அண்ணன்,
இரத்தினவேல்


பிக்கரிங்
10.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத்தான் இரத்த அழுத்தம் கூடிவிட்டது. டொக்டர் குளிசையை மாற்றியிருக்கிறார். முன்பு வெள்ளை, இப்போது மஞ்சள். மஞ்சள் குளிசை போட்டால் காலையில் தலை சுற்றுகிறது. போடாவிட்டால் பின்னேரம் சுற்றுகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் நிறுத்தியாயிற்று. சோற்றுக்குப் பதிலாக நிரூபா ஏதோ விதைகளை அவித்துத் தருகிறாள்.

கிளடிஸ் ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறா. அவ இல்லாதபோது தெருவில் யாரோ தவறுதலாகப் பொலிசைக் கூப்பிட்டு, வின்சன்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாவம். அன்றைக்கே விட்டுவிட்டார்களாம்.

பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. நிரூபாவுக்கு ஒரு இடத்திலிருந்து சாதகம் வந்திருக்கிறது. பொருத்தம் பார்க்க நகல் அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
அருள்மலர்


கோண்டாவில்
14.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வருடப் பிறப்பு நாளில் எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் இந்த வருடம் நல்லதாக இருக்கட்டும். சாதகம் பார்த்தாயிற்று, பொருத்தம் போதாது.

உன் குளிசைக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு மனுசனைப் பொலிஸ் பிடித்ததற்கு மூன்று வரி.

யார் கூப்பிட்டது?

அண்ணன்,
இரத்தினவேல்


கோண்டாவில்
22.06.2024

தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. மச்சாள் நிரூபாவுக்கு வட்ஸப்பில் கேட்டாள். நீ சுகம், நிறையப் படுக்கிறாய் என்று பதில் வந்தது. நான் கேட்டதற்குப் பதில் எழுதாவிட்டாலும் கோபிக்க மாட்டேன். சுகத்தையாவது எழுது.

அண்ணன்


பிக்கரிங்
19.07.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கடிதங்கள் எழுதிக் கிழித்தேன்.

நான்தான் கூப்பிட்டேன்.

கிளடிஸ் போகமுன் வந்து, “என் வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள், யாராவது கண்டபடி வந்தால் கவனி” என்று சொல்லிவிட்டுப் போனா. அதனால்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. நிரூபா வேலைக்குப் போயிருந்தாள். கிளடிஸின் பின்கதவில் ஒரு பெரிய ஆள் குனிந்து நின்று பூட்டை ஏதோ செய்துகொண்டிருந்தார். தடித்த ஜக்கெற், தலையை மூடிய தொப்பி. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பொலிசுக்கு டெலிபோன் அடித்தேன்.

நான்கு கார்கள் வந்தன. அவரைப் பனியில் முகம் குப்புறப் படுக்கவைத்து முதுகில் முழங்காலை ஊன்றிக் கையைப் பின்னால் முறுக்கினார்கள். அவர், “இது என் அக்காவின் வீடு, பூட்டு உறைந்துவிட்டது, என்னிடம் திறப்பு இருக்கிறது” என்று கத்தியது எனக்கு ஜன்னல் பூட்டியிருந்தும் கேட்டது. அப்போதுதான் அது வின்சன்ற் என்று தெரிந்தது. அறுபத்தெட்டு வயது அவருக்கு. நான் வெளியே ஓடவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

அவருக்குத் தோள்மூட்டு கிழிந்துவிட்டது. வலது கை மேலே போகாது. அதோடு விடவில்லை, பொலிசுக்கு எதிராக ஆயுதம் காட்டினார், கைதுக்கு இணங்கவில்லை என்று அவர் மேலேயே வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரலில் அவருடைய வக்கீல் வீடு வீடாக வந்து யார் கண்டது என்று விசாரித்தா. நிரூபா குசினிக்குள் வைத்து என் கையைப் பிடித்தாள். “அம்மா, நீங்கள் ஒண்டும் காணேல்லை. விளங்குதா? என்ர பார்மசிக்கு வாற ஆக்கள் முழுக்க உவைதான். நாளைக்கு நான் எந்த முகத்தோட கவுன்ரரில நிக்கிறது?” என்றாள். நான் வாசலுக்குப் போய், “நான் நித்திரையாக இருந்தேன், ஒன்றும் காணவில்லை” என்று அந்த வக்கீலிடம் சொன்னேன்.

கிளடிஸ் இப்போதும் வேலிக்கு மேலால் கை காட்டுகிறா. நான் குனிந்து செடிக்குத் தண்ணீர் விடுகிறேன்.

உங்களிடம் இதை எழுதத்தான் அதிகம் பயந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அருள்மலர்


கோண்டாவில்
21.08.2024

தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை மச்சாளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

உனக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடமாக யாருக்கும் சொல்லாதது. தொண்ணூற்றேழில் சந்தியில் ஆமிக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தி நடத்திக்கொண்டு போனபோது நீ அம்மாவோடு மதில் ஓரம் நின்றாய். ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒருவன் இருந்தான். எனக்கு முன்னால் போன பதினேழு பேருக்கும் அவன் தலை அசையவில்லை. எனக்கு அசைந்தது, பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு நான் காது கேளாமல் திரும்பி வந்தேன். யார் தலையாட்டியது என்று அம்மா சாகும்வரை கேட்டா. தெரியாது என்றேன்.

தெரியும். சாக்கு முகத்தைத்தான் மூடியிருந்தது, காலை மூடவில்லை. ஒழுங்கையில் எங்களோடு பந்தடித்த கால். இராஜரட்ணம். இன்றைக்கும் நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறான். காலையில் என் பேப்பரை இரவல் வாங்கி வாசிக்கிறான். அவனுக்கு எனக்குத் தெரியும் என்பது தெரியுமோ என்னவோ. ஒருநாளாவது வந்து, “நான்தான் செய்தனான்” என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னால் அடித்திருப்பேனா, அழுதிருப்பேனா, தெரியாது. ஆனால் அவன் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பேப்பரைத் திருப்பித் தருகிறபோது, இன்றைக்குச் சொல்வானோ என்று அவன் வாயைப் பார்ப்பேன். கேட்காத காதோடு ஒருவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவனுக்காக நான் ஒன்று சொல்வேன். அவனை மூன்று நாள் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்துத்தான் கொண்டுவந்து இருத்தினார்கள். அவன் முதுகை நான் கண்டிருக்கிறேன்.

உன்னை யார் அடித்தது, அருள்?

இன்னொன்று. ஒரு பூட்டுக்கு நான்கு கார் வராது. ஆயுதம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? நீ இன்னும் முழுதாக எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம். அந்த மனுசனிடம் போய்ச் சொல்லு.

அண்ணன்,
இரத்தினவேல்


பிக்கரிங்
11.11.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்கும் மச்சாளின் சுகத்துக்கும் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறேன். பதில் எழுதப் பிந்தியது முதலில் செய்ய வேண்டியதைச் செய்ததால்.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் சாப்பிட முடியவில்லை. நான்காம் நாள் பின்னேரம் நிரூபாவிடம், “நான் போறன்” என்றேன்.

“எங்கை?”

“வின்சன்ற் வீட்டை. சொல்லப் போறன்.”

“அம்மா, உங்களுக்கு விசரே? போய்ச் சொன்னா நாங்கள் இந்தத் தெருவில இருக்கேலாது.”

“இருக்கேலாட்டி விடுவம்” என்றேன். அவள் அழுதாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். என் ஆங்கிலம் அரைகுறை, முட்டுப்பட்ட இடங்களில் அவள்தான் சொன்னாள். அவளைச் சொல்லவைத்ததும் எனக்கு ஒரு வெட்கம்.

வின்சன்ற், செலீன், கிளடிஸ் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். நான் கதிரையில் இருக்கவில்லை. கூப்பிட்டது நான், நித்திரை என்று சொன்னது பொய் என்று சொன்னேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. செலீன் சொன்னா: “ஏப்ரலிலேயே எங்களுக்குத் தெரியும். பொலிஸ் பெயரை மறைத்துவிட்டு உங்கள் அழைப்பின் ஒலிப்பதிவை எங்கள் வக்கீலுக்குக் கொடுத்தது. உங்கள் குரல் எங்களுக்குத் தெரியாதா?”

ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை, அண்ணை. நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற அவ்வளவு நாளும் கிளடிஸ் தெரிந்துகொண்டே கை காட்டியிருக்கிறா.

பிறகு உங்களுக்கு எழுதாததைச் சொன்னேன். முதுகுதான் தெரிந்தது என்று எழுதினேன் அல்லவா? அது பொய். அவர் இரண்டு தரம் திரும்பினார். முகத்தை நன்றாகக் கண்டேன். எங்கள் வாசலில் பனி வழித்த அதே முகம். ஆனால் பனி வழித்த அன்றைக்கும் சரி, அந்த ஞாயிற்றுக்கிழமையும் சரி, அது யாருடைய முகம் என்று நான் பார்க்கவில்லை, ஒரு கறுப்பு ஆளைத்தான் பார்த்தேன். கையில் இருந்தது கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற பிளாஸ்ரிக் தகடு. எங்கள் காரிலும் ஒன்று கிடக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டே டெலிபோனில், “கையில் கத்தி வைத்திருக்கிறான்” என்று சொன்னேன். அதைத்தான் பிடித்துக்கொண்டு அவர் மேல் ஆயுத வழக்குப் போட்டார்கள்.

வின்சன்ற் இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். கிளடிஸ் எழும்பி ஜன்னலடிக்குப் போய் நின்று, “என் வீட்டைப் பார்க்கத்தான் சொன்னேன்” என்றா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

செப்ரெம்பரில் வக்கீலின் கந்தோரில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பொய் சொல்லி அழைத்ததற்கு என் மேலும் வழக்கு வரலாம் என்று சொன்னா. வரட்டும் என்றேன். இதுவரை வரவில்லை. போன புதன்கிழமை நீதிமன்றத்தில் வின்சன்றின் வழக்கை விலக்கிக்கொண்டார்கள். பத்து நிமிடம்தான் எடுத்தது. அவர் எழுந்து நீதிபதிக்குத் தலை குனிந்தார். கோட்டின் வலது கையை செலீன்தான் போட்டுவிட்டா. தோள் இனி இவ்வளவுதான் என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

நிரூபாவின் பார்மசிக்கு ஆட்கள் வருகிறார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். முந்தி மாதிரி நின்று கதைப்பதில்லை. வீட்டை விற்போமா என்று ஒருநாள் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். ஓடிப்போனால் அவர்கள் கண்ணுக்கு ஒரு ஆள் குறையும், நான் செய்தது ஒன்றும் குறையாது.

அன்றைக்கு நீதிமன்றத்துக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் நான் தனியே உட்கார்ந்திருந்தேன். செலீன் வந்து பக்கத்தில் இருந்தா. கோபமாக இல்லை. உண்மையிலேயே விளங்காத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டா:

“கத்தி இல்லை என்று தெரியும் என்கிறீர்கள். பிறகு ஏன் கத்தி என்று சொன்னீர்கள்?”

“பொலிஸ் உடனே கெதியாக வரவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்” என்றேன்.

“ஓம்,” என்றா. “கெதியாகத்தான் வந்தார்கள்.”

பிறகு எழும்பி, கணவன் நின்ற பக்கம் போய்விட்டா.

உங்கள் தங்கை,
அருள்மலர்